இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மாநில அறிவியல் மன்றத்தில் நிதி வாங்குவது எப்படி?

இறுதியாண்டு தொடங்கியதும் வகுப்பில் முதலில் சுற்றுகிற பேச்சு, எந்த ப்ராஜெக்ட் சென்டரில் என்ன விலை என்பதுதான். தலைப்பு, சர்க்யூட், ரிப்போர்ட், வைவாவுக்கு நாலு கேள்வி என்று எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். சொந்தமாக யோசனை வைத்திருக்கிற மாணவர்கள்கூட, ‘செலவை யார் பார்ப்பது?’ என்ற ஒரே கேள்வியில் அங்கே போய் நிற்கிறார்கள். அந்தச் செலவைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் 1984-இல் தொடங்கப்பட்டது. சென்னையில் தொழில்நுட்பக் கல்வி இயக்கக வளாகத்தில் இயங்குகிறது. அவர்களுடைய மாணவர் ப்ராஜெக்ட் திட்டத்தில், ஒரு கைடின் (வழிகாட்டும் ஆசிரியரின்) கீழ் ஆய்வு செய்கிற இறுதியாண்டு மாணவர்களுக்குச் சிறிய தொகை கொடுக்கிறார்கள். சமீப ஆண்டுகளில் பல கல்லூரிகளுக்குக் கிடைத்தது ஒரு ப்ராஜெக்டுக்கு 7,500 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் நாலு பேர் குழுவுக்கு ரசாயனமும் பஸ் செலவும் அதற்குள் அடங்கிவிடும். நானும் என் குழுவும் அப்படித்தான் எங்கள் கெமிக்கல் இன்ஜினியரிங் ப்ராஜெக்டை முடித்தோம்.

தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். மன்றத்தின் இணையதளத்தை ஏழாவது செமஸ்டர் தொடங்கியதிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டை மட்டும் நம்ப வேண்டாம். சுற்றறிக்கை பிரின்சிபால் அறையிலிருந்து இறங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடும்.

1. முதலில் கைடு, அப்புறம் தலைப்பு

எல்லோரும் தலைப்போடு கைடைத் தேடுகிறார்கள். நான் சொல்வது நேர்மாறு. உங்கள் டிபார்ட்மென்டில் உண்மையிலேயே லேபில் நிற்கிற ஆசிரியர் யார் என்று பாருங்கள். அவர் பெயரை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தருகிற கூகுள் ஸ்காலரில் போட்டு, கடைசி மூன்று, நான்கு ஆண்டுகளில் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். பிறகு போய், “சார், நீங்கள் செய்கிற இந்த வேலையில் நாங்கள் ஒரு சின்னப் பகுதியை எடுத்துச் செய்யலாமா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மறுப்பு சொல்கிற ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதில் ஒரு லாபமும் உண்டு. அவருக்குப் பழக்கமான துறை என்றால் கருவி ஏற்கெனவே லேபில் இருக்கும். 7,500 ரூபாயில் கருவி வாங்க முடியாது.

2. விண்ணப்பப் படிவம்

மாணவர் பெயர், கைடு பெயர், கல்லூரி முகவரி, தலைப்பு, எந்தத் துறையின் கீழ் பரிசீலிக்க வேண்டும் என்பதெல்லாம் நேரடியான கட்டங்கள். அதன்பின் ப்ராஜெக்ட் விவரம்: முன்னுரை, நோக்கம், செய்முறை, வேலைத் திட்டம், பட்ஜெட். நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுத கூகுள் டாக்ஸ்தான் வசதி. வேர்ட் ஃபைலை வாட்ஸப்பில் மாற்றி மாற்றி அனுப்பினால், ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ரியல் ஃபைனல்’ என்று ஆகி, கடைசியில் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. எழுதி முடித்த பிறகு ஒருவர் மட்டும் வேர்டில் இறக்கி வடிவத்தைச் சரிசெய்தால் போதும். மேற்கோள்களைத் தொகுத்து வரிசைப்படுத்த ஜோட்டெரோ என்ற மென்பொருள். இலவசம், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

3. ஏழாவது கேள்வி: இங்கேதான் நில்லுங்கள்

நான் நிரப்பிய படிவத்தில் ஏழாவதாக இருந்த கேள்வி இது: இதே போன்ற ப்ராஜெக்ட் உங்கள் கல்லூரியிலோ வேறெங்காவதோ ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறதா? ஆம் என்றால் அதன் விவரம், இப்போது நீங்கள் செய்யப்போகும் மேம்பாடு என்ன?

பெரும்பாலோர் இங்கே ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். எங்கள் குழுவும் ஒரு மாலை முழுக்க இந்தக் கட்டத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. ‘ஆம்’ என்று எழுதினால் தள்ளிவிடுவார்களோ என்ற பயம். எங்கள் கைடு சொன்னது வேறு: “ஆம்னு எழுதுங்க. முழுசா எழுதுங்க. நீங்க தேடிப் படிச்சிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியுற ஒரே இடம் இதுதான்.”

எங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் அனுமதிக்கிற உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் பல்லில் கறை, நீண்ட நாள் குடித்தால் எலும்பு வரைக்கும் பாதிப்பு. புளியங்கொட்டைத் தூளை வைத்து அந்த ஃபுளோரைடை உறிஞ்ச வைக்கலாமா என்பது எங்கள் கேள்வி.

தேடினால் புளியங்கொட்டையில் ஏற்கெனவே ஆய்வுகள் இருந்தன. கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கிற சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள், எங்கள் டிபார்ட்மென்ட் அலமாரியிலேயே பழைய ரிப்போர்ட் ஒன்று. முதலில் எல்லோருக்கும் மனசு விட்டுப்போனது. ஆனால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது: எங்கள் கைக்குக் கிடைத்தவற்றில் பல, வாலை நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து லேபில் தயாரித்த தண்ணீரில் செய்தவை. கிணற்றுத் தண்ணீர் அப்படி இருக்காது. அதில் பைகார்பனேட் இருக்கும். அது ஃபுளோரைடோடு போட்டி போட்டு, உறிஞ்சும் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். லேபில் நன்றாக வேலை செய்த தூள் ஊரில் எவ்வளவு செய்யும் என்பதுதான் உண்மையான கேள்வி.

அதனால் அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதியதன் சாரம் இது: இதற்கு முன் இன்னின்ன ஆய்வுகள் நடந்துள்ளன, அவற்றில் பல லேபில் தயாரித்த நீரில் செய்யப்பட்டவை, நாங்கள் கிராமத்துப் போர்வெல் நீரில் செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறோம், பயன்படுத்திய தூளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த முடிகிறதா என்றும் பார்க்கிறோம்.

உங்கள் தலைப்பு எதுவாக இருந்தாலும் இதே முறைதான். ‘உலகில் யாரும் செய்யாதது’ என்று தேடாதீர்கள், இளங்கலை அளவில் அது தேவையும் இல்லை. செய்ததில் எந்த இடத்தில் கேள்வி பாக்கி நிற்கிறது என்று தேடுங்கள். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்குகிறவரால் இந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. நிதியே கிடைக்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியை எழுதியவருக்கு வைவாவில் பயம் இருக்காது.

4. பட்ஜெட்

ஒரே மொத்தத் தொகையாகப் போடாமல், எதற்கு எவ்வளவு என்று பிரியுங்கள். எங்களுடையது ஏறக்குறைய இப்படி: ஃபுளோரைடை அளக்க உதவும் சாயக் கரைசலுக்கும் மற்ற ரசாயனங்களுக்கும் 2,800, மாதிரி எடுக்கும் பாட்டில்கள் 600, கிராமத்துக்குப் போய்வர 1,500, சில மாதிரிகளை வெளி லேபில் சரிபார்க்க 1,800, ரிப்போர்ட் அச்சும் பைண்டிங்கும் 800. கூட்டினால் 7,500. விலை உங்கள் ஊரில் மாறும்.

பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடியில் வைக்கக் கூடாது. இப்படி ஒரு காரணத்தை ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதுங்கள். ஃபுளோரைடை அளக்கிற தனி எலக்ட்ரோடு நம் தொகைக்குள் வராது. அதனால் லேபில் இருந்த ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வைத்து, சாயத்தின் சிவப்பு எவ்வளவு வெளிறுகிறது என்று பார்க்கும் ஸ்பாட்ன்ஸ் முறையில் அளந்தோம். இதையும் செய்முறையில் ஒரு வரியாகச் சேர்த்தால், பட்ஜெட்டும் செய்முறையும் ஒன்றோடொன்று பொருந்தும்.

5. கையெழுத்து

கைடு, ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்), கல்லூரி முதல்வர் மூவரும் கையெழுத்திட வேண்டும். கூடவே ஒரு சான்றிதழும் உண்டு: இவர் எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்தான், ப்ராஜெக்ட் முடிந்ததும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் இறுதி அறிக்கையும் அனுப்புவோம் என்று கல்லூரி உறுதி கொடுக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தின நாள் முதல்வர் ஊரில் இல்லாமல் போவது எல்லாக் கல்லூரியிலும் நடக்கும். ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

6. பணம் எப்படி வரும், கணக்கு எப்படிக் கொடுப்பது

பணம் மாணவர் கணக்குக்கு வராது, கல்லூரி வழியாகத்தான் வரும். பெரும்பாலும் எட்டாவது செமஸ்டர் பாதி ஓடிய பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதாவது முதலில் உங்கள் காசைப் போட்டுச் செலவு செய்து, பிறகு திரும்ப வாங்குகிறீர்கள். அதற்கு பில் வேண்டும்.

பில் என்றால் கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பது இல்லை. கல்லூரி பெயரில், தேதியோடு, ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விலை பேசும் முன்பே, ‘காலேஜ் பேர்ல பில் வேணும்’ என்று சொல்லிவிடுங்கள். பொருளைக் கையில் வாங்கிய பிறகு கேட்டால், ‘பில் போட்டா ரேட் வேற’ என்பார்கள். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். அந்த மை ஒரு மாதத்தில் மறைந்துவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து, தேதி, தொகை, காரணம் மூன்றையும் கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள். குழுவில் ஒருவரை இதற்கு மட்டும் பொறுப்பாக வைப்பது நல்லது. செலவுக் கணக்குக்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம், ஷீட் போதும்.

நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோடு சேர்த்தே தயார் செய்துவிடுங்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஆளுக்கொரு திசையில் போய்விடுவீர்கள். அந்தத் தாளுக்காகக் கைடு ஒவ்வொருவராகப் போன் செய்துகொண்டிருப்பார். அந்தக் கணக்கு முடியாமல் போனால் பெயர் கெடுவது கல்லூரிக்கு. அடுத்த ஆண்டு ஜூனியர்கள் விண்ணப்பிக்கும்போது அதே முதல்வரிடம்தான் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும்.

பின்சேர்க்கை

பதிவு போட்ட பிறகு வந்த கேள்விகளில் இரண்டுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தங்கை கேட்டது: கைடு பாதியில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால்? இது நிறைய நடக்கிறது, தனியார் கல்லூரிகளில் இன்னும் அதிகம். ஹெச்.ஓ.டி.யிடம் எழுத்தில் சொல்லி, புதிய கைடின் பெயரோடு மன்றத்துக்குக் கல்லூரி வழியாகவே கடிதம் அனுப்புங்கள். பழைய கைடோடு தொடர்பை விடாதீர்கள். முடிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல அவருக்கும் ஆசை இருக்கும்.

இன்னொருவர் மூன்றாம் ஆண்டு, இப்போதே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும், உங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு. சென்னை ஐஐடி கோடை ஃபெலோஷிப்பில் மூன்றாம் ஆண்டு பி.இ. மாணவர்களை எடுக்கிறார்கள். அண்மைய அறிவிப்புகளில் மாதம் 15,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு மாதம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கிற மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்துகிற கோடை ஆய்வு ஃபெலோஷிப்பும் உண்டு. அதுவும் இரண்டு மாதம், நாடு முழுவதும் உள்ள விஞ்ஞானிகளின் லேபில். அதற்கான விண்ணப்பம் முந்தின ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும், கோடை வரட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது. அதில் உங்கள் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். செமஸ்டர் தேர்வு நேரத்தில் அவர் விடைத்தாள் கட்டுக்குள் மூழ்கியிருப்பார். அறிவிப்பு வந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.