ரவைக் கோதின் அடியைப் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் கிணறு தோண்டிய இடத்தில் கிடைத்ததென்று, பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ரவைக் கோதை, அதாவது துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை, கொண்டுவந்து நீட்டினான். புளி போட்டுத் தேய்த்துக் குத்துவிளக்குப்போல மினுக்கியிருந்தான். அடித்தட்டின் நடுவே, வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்கிற அந்தச் சிறிய பித்தளைப் பொத்தானில், ஓர் ஓட்டை. மருந்து அதிகம் போட்ட தோட்டா, அழுத்தம் தாங்காமல் பிரைமர் கிழிந்துவிட்டது என்பது அவனுடைய முடிவு. கைபேசியில் அதேபோல ஒரு படமும் வைத்திருந்தான்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சுடும்போது கிழிந்த பிரைமர் என்றால், பிரைமரை அடித்து வெடிக்கவைக்கும் அடியூசி குத்திய குழியின் அடியில் ஓட்டை இருக்கும்; அதைச் சுற்றிப் புகைக்கரி படிந்திருக்கும். இதில் ஓட்டையின் விளிம்பு கறையான் அரித்த பலகைபோலக் கோணல்மாணலாக இருந்தது. கோதின் பக்கச்சுவரிலும் அதே சொத்தைகள். கடலோர மண்ணில் பல வருடம் கிடந்த பித்தளையில் மிக மெல்லிய இடம் ஊசி குத்திய குழிதான். உப்பு அதை முதலில் தின்றிருக்கிறது.

கரி இருந்ததா என்று இனிக் கேட்க முடியாது, புளி அதைக் கொண்டுபோய்விட்டது. நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். பகுப்பாய்வாளர்களின் சாட்சியத்தை வருடக்கணக்கில் தமிழாக்கியிருக்கிறேன். பார்ப்பதற்கு முன் துடைத்தேன் என்று அவர்களில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

துடைத்தால் போவது கரி மட்டுமல்ல. திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த ஊர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்ட ஊர். இங்கே மண்ணைக் கிளறினால், பிரித்தானியப் படையின் .303 றைபிள் தோட்டாவின் கோது அகப்படுவதில் வியப்பில்லை. அந்தத் தோட்டாக்களில் பிரைமரைச் சுற்றி அரக்குப் பூச்சால் ஒரு வளையம் இருக்கும்: சாதாரண ரவைக்கு ஊதா, ஒளிகாட்டும் ரவைக்குச் சிவப்பு, கவசம் துளைப்பதற்குப் பச்சை, தீமூட்டுவதற்கு நீலம். மிஞ்சிய நீலத்தைச் சூட்டில் கன்றிய நிறமென்று எண்ணுவோர் உண்டு. பிரைமர் கழன்றுவிடாதபடி ஆலையில் அதன் ஓரத்தில் குத்தி இறுக்கிய தழும்புகளும் அப்படித்தான். அவை சுட்டபோது விழுந்தவை அல்ல, பிறந்தபோதே இருந்தவை.

எல்லாரும் தவறுவது தட்டையான பிரைமரில். ஓரம் உருண்டையாக இருந்தால் நல்ல தோட்டா, தட்டையாக இருந்தால் அழுத்தம் கூடிய தோட்டா என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நடப்பது வேறு. ஊசி குத்தியதும் பிரைமர் தன் சொந்த வெடிப்பிலேயே பின்னுக்கு நழுவி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் போய் முட்டும். அடுத்த கணம் மருந்து எரிந்து, கோதின் முன்பகுதி வீங்கித் தோட்டா அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அடிப்பகுதி மட்டும் இழுபட்டுப் பின்னுக்கு வந்து, வெளியே நிற்கும் பிரைமரைத் திரும்ப விழுங்கும். கோதுக்கும் போல்ட்டுக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால், வெளியே நின்ற பிரைமரின் ஓரம் விரிந்து, பிறகு நசுங்கிக் காளான் தலைபோலத் தட்டையாகும். மருந்தின் மேல் குற்றமே இல்லை. மாறாக, அழுத்தம் போதாத தோட்டாவில் கோது இழுபடாது. பிரைமர் துருத்தியபடியே நின்றுவிடும். அதைப் பார்த்தும் ‘அழுத்தம் கூடிவிட்டது’ என்பார்கள்!

.303 றைபிளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அதன் கோது விளிம்பைப் பிடித்து நிற்பது. சேற்றிலும் தூசியிலும் சிக்காமலிருக்க, போர்க்களத் துப்பாக்கியின் தோட்டா அறையைத் தாராளமாகவே குடைந்திருப்பார்கள். நான்காம் இலக்க றைபிளுக்கு, இடைவெளியைச் சரிசெய்யவே 0 முதல் 3 வரை இலக்கமிட்ட நான்கு அளவுப் போல்ட் தலைகள் இருந்தன. ஆகவே பிரைமரை விட்டுவிட்டுக் கோதின் உடலைப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிகிறதா? சுட்ட கோதுதான் என்று உறுதியானால், மெல்லிய கம்பியின் நுனியை மடித்து உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள். அந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் இடறினால், கோது இழுபட்டு அறுந்துபோகும் நிலைக்கு வந்திருக்கிறது.

குத்தின் விளிம்பு எரிமலை வாய்போல மேலே எழுந்திருப்பதும் அழுத்தத்துக்கு மட்டும் அடையாளமல்ல. ஊசி வரும் துளை தேய்ந்து அகன்றிருந்தாலும், சுருள்வில் தளர்ந்திருந்தாலும் அப்படி எழும். ஒரே துப்பாக்கியின் எல்லாக் கோதுகளிலும் எழுந்திருந்தால் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பெட்டித் தோட்டாவில் மட்டும் என்றால் தோட்டாவை. ஒற்றைக் கோதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் சொல்ல முடியாது.

கழுத்தில் நெடுக்காக வெடித்த கோதையும் அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பிரித்தானிய இந்தியாவில் சுடாத தோட்டாக்களே மழைக்காலத்தில் இப்படிப் பிளந்தன. குதிரை லாயத்திலிருந்து எழும் அமோனியாவே காரணமென்று 1921இல்தான் விளங்கியது.

ஆபத்தானது ஒன்று இருக்கிறது. பிரைமரில் குத்துத் தெரிந்தால் அது வெடித்து முடிந்த தோட்டா என்று நினைப்பது. சில துப்பாக்கிகளில் அடியூசியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கச் சுருள்வில் இல்லை. போல்ட் முன்னே அடித்து மூடும்போதே ஊசி தன் வேகத்தில் வந்து பிரைமரைத் தொட்டு, மெல்லிய பொட்டு ஒன்றை வைத்துவிடும். அந்தத் தோட்டா இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கிறீஸ் இறுகியோ துருவேறியோ ஊசி வலுவின்றிக் குத்தி வெடிக்காமல் போனதும் அப்படியே. கோதின் வாயில் ரவை, அதாவது குண்டு, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துப் பொலிஸாருக்குச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர், விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆபத்தில்லாத பக்கம் நீட்டியபடி 30 விநாடியாவது பொறுத்தே திறக்க வேண்டும்.

தம்பியிடம் இதனுடன் வேறு கோதுகள் கிடைத்தனவா என்று கேட்டேன். ஒரு வாளி நிறையக் கிடைத்ததாம், பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டார்களாம். அவற்றில் வாயில் ரவை இருந்தவை உண்டா என்றேன்.

யாரும் பார்க்கவில்லையாம்.