அடிபட்டு, ஒதுங்க இடமும் இல்லாத பழங்குடிப் பெண்ணுக்குத் துணை நிற்பது எப்படி? சென்னைக் களப்பணியாளர்களுக்கு

கோயில் வாசலிலும் நடைபாதையிலும் தங்கிப் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண். செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலையிலோ திருவள்ளூர் செங்கல் சூளையிலோ வேலை செய்யும் இருளர் பெண். கணவன் அடித்து வெளியே வந்தால் இவர்களுக்கும் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, காப்பகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனாலும் பலர் இரண்டொரு நாளில் அடித்தவனிடமே திரும்பிவிடுகிறார்கள். போன இடத்தில் பேச்சுத் துணைக்குக்கூடத் தன் ஆட்கள் இல்லை, பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம், வார்டனின் முகச்சுளிப்பு. இவை சேர்ந்துதான் திருப்பி அனுப்புகின்றன.

இதே சிக்கலை ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் முன்பே சந்தித்தார்கள். அரசு தலைமுறைகளாக அவர்கள் பிள்ளைகளைப் பிடுங்கிச் சென்றதால், அடிபட்ட தாய் உதவி கேட்கவே அஞ்சினார். சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1970-இல் சட்ட உதவியையும் 1971-இல் மருத்துவ நிலையத்தையும் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். நியூசிலாந்தின் மாவோரி செவிலியர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: கிடைத்த உதவி பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் உதவி பெற்றவர்தான், கொடுத்தவர் இல்லை. கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இந்த அளவுகோலை வைத்தே பாருங்கள்.

முதல் சந்திப்பு

தனியாகப் போகாதீர்கள். அந்தச் சமூகத்துப் பெண் ஒருவரை, முடிந்தால் வயதில் மூத்தவரை, உடன் அழைத்துப் போங்கள். உடன் வருபவர் அடிபட்டவரின் கணவன் வழிச் சொந்தமாக இருக்கக் கூடாது. இதை முன்பே விசாரிக்க வேண்டும். நரிக்குறவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள். ஆனால் உடம்பில் பட்டதையும் மனதில் பட்டதையும் தங்கள் தாய்மொழியான வாக்ரிபோலியில் சொல்வதுதான் அவர்களுக்கு எளிது. மொழிபெயர்க்கப் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். அம்மா அடிவாங்கிய கதையைக் குழந்தை வாயால் சொல்ல வைப்பது இரண்டு பேரையும் காயப்படுத்தும்.

ஊரே இவர்களை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுகிறது. நீங்கள் 'நீங்க', 'அக்கா', 'அம்மா' என்று பேசுங்கள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். படம் எடுக்காதீர்கள், அறிக்கைக்கு என்றாலும் வேண்டாம். குடித்துவிட்டு ஆண்கள் திரும்பும் மாலை நேரத்தைத் தவிர்த்து, வியாபாரத்துக்கு வந்த இடத்திலேயே பேசுவது நல்லது. போன் குடும்பத்துக்கே பொதுவாக இருக்கும். அதனால் நீங்களாகக் கூப்பிடக் கூடாது. அவர் மிஸ்டு கால் கொடுத்தால் எத்தனை மணிக்கு, எந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பது என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆபத்தை அளப்பது

கழுத்தை நெரித்தானா, மண்ணெண்ணெய் ஊற்றுவேன் என்றானா, வயிற்றில் பிள்ளை இருக்கிறதா, அடி சமீபத்தில் கூடியிருக்கிறதா: நான்கையும் கேளுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பு இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனை. குரல் கரகரப்பு, விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி ஆகியவை எச்சரிக்கை. தீக்காயம் என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சுமார் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள்; பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேண்டாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தனித் தீக்காயப் பிரிவு இருக்கிறது.

மருத்துவமனையில்தான் பெரிய தவறு நடக்கிறது. கணவனோ மாமியாரோ பக்கத்தில் நிற்க, அந்தப் பெண் 'விழுந்துட்டேன்' என்கிறார்; விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறுகிறது. பிறகு நீதிமன்றத்தில் அந்த ஒரு வரி வழக்கையே சாய்த்துவிடும். பணி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். யார், எதனால், எப்போது அடித்தார் என்பது பதிவாகட்டும். அந்த விபத்துப் பதிவேட்டு நகலின் (ஏ.ஆர். காப்பி) எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

இன்று இரவு எங்கே?

முதலில் அவர் மனதில் உள்ள இடத்தைக் கேளுங்கள். வேறு குடியிருப்பில் உள்ள அக்காவோ சித்தியோ பெரும்பாலும் காப்பகத்தைவிட நல்ல இடம், கணவன் அங்கே வரமாட்டான் என்றால். இல்லையென்றால் 181 வழியாக, சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம். அங்கே 5 நாள் வரை தங்கலாம். அதற்குள் அடுத்த இடத்தை உறுதி செய்யாவிட்டால் ஆறாம் நாள் மறுபடி தெருதான். மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் பெண்களுக்குத் தனி இடங்கள் உண்டு, மாநகராட்சி உதவி எண் 1913-இல் கேளுங்கள்.

அழைத்துப் போகுமுன் காப்பகத்திடம் போனில் கேட்க வேண்டியவை: மகனுக்கு வயது வரம்பு எத்தனை? ஆதார் இல்லாமல் சேர்ப்பார்களா? மணிமூட்டையை வைக்க இடம் உண்டா? பகலில் வியாபாரத்துக்குப் போய்விட்டு இரவு திரும்பலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். அன்றாட வருமானம் நின்றால் எந்தப் பெண்ணும் நிலைத்து இருக்க முடியாது. புகார் கொடுத்த பிறகு வாருங்கள் என்று யாராவது சொன்னால், குடும்ப வன்முறைச் சட்ட விதி அப்படிச் சொல்லவில்லை என்று பணிவாக, உறுதியாகச் சொல்லுங்கள். குடும்ப வன்முறை அறிக்கை முன்பே பதிவாகவில்லை என்பதற்காக அச்சட்டத்தின்கீழ் வரும் காப்பகம் மறுக்க முடியாது.

சேர்ந்த பிறகு முதல் வாரம் தினமும் ஒருமுறை பாருங்கள். 'குளிச்சிட்டு உள்ள வா', தனித் தட்டு, கழிவறை கழுவும் வேலை எப்போதும் இவருக்கே என்று நடந்தால் அவர் உங்களிடம் புகார் சொல்லமாட்டார், கிளம்பிவிடுவார். நீங்களாகக் கவனித்து வார்டனிடம் பேச வேண்டும்.

வீட்டில் விட்ட பொருளை எடுக்கப் போனால், நரிக்குறவர் குடிசையில் சாமிப் பொருட்களைக் கட்டி வைத்திருக்கும் சாமி மூட்டையைத் தொடாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். அதைத் தொட்டுவிட்டால் குலமே அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பும்.

சட்டம்: எதைக் கேட்பது?

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட, மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரை அணுகுங்கள். அடிபட்டது திருவள்ளூரிலோ செங்கல்பட்டிலோ இருந்தாலும், இப்போது தற்காலிகமாகத் தங்கியிருப்பது சென்னை என்றால் சென்னை நீதிமன்றத்திலேயே போடலாம். திருமணப் பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். திருமணம் போன்ற உறவும் சட்டத்துக்குள் வரும். பிள்ளையின் பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, மூத்தவர்களின் வாக்குமூலம் இவற்றை வையுங்கள். பெண்ணுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு: சட்ட உதவி எண் 15100.

நடைபாதையில் வாழ்ந்தவருக்கு வீட்டு உரிமை உத்தரவைவிட, 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவுதான் அதிகம் உதவும். கணவன் வரக் கூடாத இடங்களை மனுவில் பெயர் சொல்லி எழுதுங்கள்: எந்தக் கோயிலின் எந்த வாசல், எந்தப் பேருந்து நிலையம், எந்தப் பள்ளி. 'வசிக்கும் இடம்' என்று மட்டும் எழுதினால் அவர் மணி விற்கும் வாசலில் அவன் வந்து நிற்பான், போலீஸும் ஒன்றும் செய்ய முடியாது. 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள். உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

போலீஸ் என்றாலே இவர்களுக்கு நடுக்கம். திருட்டு வழக்கில் தம் ஆட்களை இழுத்துச் செல்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள். உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, காவல் நிலையத்துக்குப் போவதா என்பது அவர் முடிவு. போனால் துணைக்குப் போங்கள், மனு ரசீது வாங்காமல் வராதீர்கள்.

சாதிப் பஞ்சாயத்தை ஏளனம் செய்யாதீர்கள், அதை நம்பி வழக்கையும் நிறுத்தாதீர்கள். பிள்ளையைத் திரும்பப் பெறவும் உறவை முறிக்கவும் அங்கே போக அவர் விரும்பலாம். அப்படியானால் முதலில் நீதிமன்ற உத்தரவு, பிறகு பஞ்சாயத்து. அபராதம் யார் கைக்குப் போகும் என்றும், அவர் சார்பில் மூத்த பெண் ஒருவர் பேசலாமா என்றும் முன்பே கேட்டு வையுங்கள்.

சூளையிலோ ஆலையிலோ முன்பணம் வாங்கியிருந்தால் அது தனிச் சிக்கல். கணவன் வாங்கிய கடனுக்காக முதலாளியின் ஆட்கள் இவரைத் தேடி வருவார்கள். கோட்டாட்சியரிடம் கொத்தடிமை விடுதலைச் சான்று கேளுங்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது.

பிள்ளைகளும் காகிதங்களும்

'குழந்தைகளை ஹோமில் விட்டுடலாம்' என்ற பேச்சை முதல் நாளில் எடுக்கவே கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமே இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. இதை அந்தத் தாயிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பழங்குடிச் சாதிச் சான்று தருபவர் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். பழைய சான்றில் வேறு வகுப்பு இருந்தால் புதிதாக வாங்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏடிஎம் அட்டை பெரும்பாலும் கணவன் கையில் இருக்கும். முதல் வேலையாக அட்டையை முடக்கிப் புது அட்டை வாங்கிக் கொடுங்கள்.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மாவைக் கும்பிடக் கூடுவார்கள். போகாதே என்றால் காப்பகத்தை விட்டே போய்விடுவார். நீதிமன்றத் தேதி அதில் விழாமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். கணவன் வீட்டாரும் அங்கே வருவார்கள். எந்தச் சொந்தத்தோடு தங்குவார், இரவில் யார் பக்கத்தில் படுப்பார், அவன் நெருங்கினால் யாரைக் கூப்பிடுவார் என்று கிளம்புமுன் பேசி, உத்தரவின் நகலை அவர் பையில் வையுங்கள்.