புள்ளடி இரண்டு இடத்தில்: மலையகத்தில் பொதுத் தேர்தல் வாக்கைப் பழுதாக்காமல் போடுவது எப்படி

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. எட்டு வாரம் கழிவதற்குள், நவம்பர் 14இல், பொதுத் தேர்தல் வந்தது. வாக்களிக்கப் போனவர்கள் 79 சதவீதத்திலிருந்து 69 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஆனாலும் நிராகரிக்கப்பட்டவை 667,240 ஆகிவிட்டன. வெறுப்பில் வேண்டுமென்றே வெறுஞ்சீட்டைப் பெட்டியில் போட்டவர்களும் இதில் இருப்பார்கள். அதை மட்டும் சொல்லி இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. அதே சனம்தான் இரண்டு முறையும் போட்டது, மாறியது சீட்டு.

பாராளுமன்றச் சீட்டில் புள்ளடி (X அடையாளம்) இரண்டு இடத்தில் விழலாம்: கட்சியின் சின்னத்துக்கும், அதன் பிறகு விரும்பினால் வேட்பாளரின் இலக்கத்துக்கும். கூட்டங்களில் வேட்பாளரின் இலக்கத்தைப் பாட்டாகவே பாடிவிட்டுப் போவார்கள். அந்த இலக்கத்துக்கு முன்னால் சின்னத்துக்குப் போடவேண்டும் என்பதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

நுவரெலியா, பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை வாக்காளருக்கும் விதி இதேதான். ஆசனக் கணக்கு மட்டும் மாறும்.

இடாப்பில் பேர்

தோட்டத்தில் பேர் என்றால் நாட்சம்பளம். இங்கே சொல்வது வாக்காளர் இடாப்பில் இருக்கவேண்டிய பேர். இதுவும் விழாமல் போகும், பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே.

இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதே அதற்கு அடிப்படை. தேர்தல் அறிவித்த பிறகு கிராம உத்தியோகத்தரிடம் ஓடிப் பயனில்லை. அப்போது நடைமுறையில் இருக்கும் இடாப்புதான் செல்லும். ஆகவே திருத்தம் நடக்கும் மாதங்களில் மூன்று விஷயத்தைப் பாருங்கள்.

ஒன்று, கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் பிள்ளைகள். கணக்கெடுக்க வரும் நாளில் ஆள் லயத்தில் இல்லை என்றால் பேர் வெட்டுப்படலாம். நிரந்தர வசிப்பிடம் தோட்டம்தான் என்பதை வீட்டில் இருப்பவர்கள் அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு, ஒரே டிவிஷனில் ஒரே பேரில் இரண்டு பேர் இருப்பது. முதலெழுத்தும் ஒன்றாகிவிட்டால் ஒருவருடையது இரட்டைப் பதிவென்று நீக்கப்படும் ஆபத்து உண்டு. அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே சரிபாருங்கள். மூன்று, புதிதாக 18 வயதானவர்கள். வீட்டுக் கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும் என்று இருந்துவிடாமல் கேட்டுச் சேர்க்கவேண்டும்.

பேர் இருக்கிறதா என்பதை கிராம உத்தியோகத்தரிடம் உள்ள பிரதியிலும், தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். இல்லையென்றால் உரிமைக் கோரிக்கைக்குக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது எங்கும் பதிவாகாது.

அடையாள அட்டைதான் கட்டாயம்

வாக்காளர் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம், இடாப்பில் பேர் இருந்தால் போதும். அடையாள அட்டை இல்லாமல் முடியாது. தோட்டங்களில் இதைத் தலைகீழாக நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் உண்டு.

தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமார் அடையாள அட்டை ஆகியவை ஏற்கப்படும். தோட்டத்தில் கொடுக்கும் வேலை அட்டையும் தொழிற்சங்க அட்டையும் உதவாது. எதுவுமே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் மூலம் புகைப்படத்தோடு விண்ணப்பித்து, தேர்தல் அலுவலகம் தரும் தற்காலிக அடையாள அட்டையைப் பெறலாம். இறுதித் திகதி தேர்தலுக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். கடைசி வாரத்தில் படம் எடுக்க டவுனுக்குப் போனால் நேரம் போதாது.

நிரந்தர அட்டை எடுப்பதாக இருந்தால், தோட்டத்தில் குடியிருப்பவரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகரும் அத்தாட்சிப்படுத்தலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் தேர்தல் காலத்து வேலையல்ல, இப்போதே தொடங்கவேண்டியவை.

வாக்காளர் அட்டை தோட்டத்துத் தப்பாலில் (தபாலில்) சிக்கிக்கொள்வது வழக்கம். வரவில்லையென்றால் உங்கள் பகுதித் தபால் நிலையத்துக்கு அடையாள அட்டையோடு போய்க் கேட்டு வாங்கலாம். அதில் வாக்களிப்பு நிலையமும் தொடர் இலக்கமும் இருப்பதால் வரிசை சீக்கிரம் நகரும். அதுதான் அதன் பயன்.

லீவு: வாயால் கேட்டால் கிடைக்காது

1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி, எழுத்தில் கேட்கும் ஊழியருக்குச் சம்பளம் குறையாமல் 4 மணித்தியாலத்துக்குக் குறையாத லீவு கொடுக்கவேண்டும். தனியார்துறை ஊழியருக்குத் தூரத்தை வைத்துக் கணக்கு இருக்கிறது: வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், 150ஐத் தாண்டினால் இரண்டு நாள். கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்கோ பண்டாரவளைக்கோ ஏறுபவர்கள் தூரத்தைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். தபால் மூல வாக்கு அரச ஊழியர் போன்றவர்களுக்கே; கடை வேலையாளுக்குக் கிடையாது, ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும்.

கடிதம் நீளமாக வேண்டாம். "என் வாக்கு நுவரெலியா மாவட்டத்தில், இன்ன வாக்களிப்பு நிலையத்தில் உள்ளது. வேலைத்தலத்திலிருந்து தூரம் இத்தனை கிலோமீற்றர். வாக்களிப்பதற்காக இன்ன திகதியில் சம்பளத்துடன் கூடிய விடுமுறை தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வையுங்கள்.

தோட்டத்திலேயே வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு. வாக்களிப்பு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. கொழுந்து நிறுத்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் மழையும் சேர்ந்து நேரத்தைத் தின்றுவிடும். காலையிலேயே போட்டுவிட்டு மலைக்கு ஏறுவதற்கு முந்தைய நாள் பிரட்டிலேயே (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்திலேயே) பேசி முடியுங்கள். அதற்காக அரைப் பேர் போட்டால், முன்பு கொடுத்த கடிதம்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

சீட்டைக் கையில் எடுத்தால்

சீட்டு நீளமானது. மேலே கட்சிகள், அதன் பிறகு சுயேச்சைக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் பேர், சின்னம், வெறும் கட்டம். அடியில் இலக்கங்கள் மட்டும் தனிக் கட்டங்களில் இருக்கும். நுவரெலியாவில் ஆசனம் 8. ஒரு கட்சி 3 பேரைக் கூட்டி 11 வேட்பாளரை நிறுத்தும், எனவே 1 முதல் 11 வரை. பதுளையில் 9 ஆசனம், 12 இலக்கம். வேட்பாளரின் பேரோ படமோ சீட்டில் இருக்காது. எல்லாக் கட்சிக்கும் அதே இலக்க வரிசைதான். நீங்கள் மேலே எந்தச் சின்னத்துக்குப் போட்டீர்களோ, அந்தக் கட்சியின் 5ஆம் இலக்கக்காரருக்கே கீழே 5இல் போட்ட புள்ளடி போகும்.

ஆகவே வரிசை இப்படி: சின்னத்துக்கு எதிரே ஒரே ஒரு புள்ளடி. பிறகு, விரும்பினால், இலக்கங்களில் ஒன்று, இரண்டு அல்லது மூன்று புள்ளடி; இவைதான் விருப்பு வாக்கு. அங்கே 1, 2, 3 என்று எழுதுவது ஜனாதிபதித் தேர்தல் பழக்கம். அதை இங்கே கொண்டுவராதீர்கள். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடிதான், விருப்பு வாக்கே இல்லை. மூன்று தேர்தலும் ஒன்பது மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தால் யாருக்கும் குழம்பும். 2024–2025இல் அப்படித்தான் வந்தது.

பழுதாகும் விதங்களில் முதலாவது, இலக்கத்தில் மட்டும் போட்டுச் சின்னத்தை விட்டுவிடுவது. முழுச் சீட்டும் போய்விடும். அடுத்தது, இரண்டு சின்னத்துக்குப் போடுவது: தொழிற்சங்கம் ஒரு பக்கம், தெரிந்த வேட்பாளர் இன்னொரு பக்கம் என்று இருவரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவர்கள் செய்வது. கையெழுத்து, பேர், வசை என்று வாக்காளரைக் காட்டிக்கொடுக்கும் எதை எழுதினாலும் நிராகரிப்புத்தான். நாலு இலக்கத்துக்குப் போட்டுவிட்டால் மட்டும் கதை வேறு: கட்சிக்கான வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் செல்லாது. கோட்டின் மேல் விழும் புள்ளடியும் தொல்லைதான். கட்டத்தின் நடுவில் சிறிதாகப் போடுங்கள்.

வயதானவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சங்கத்தின் பேரைச் சொல்லாமல் இந்த முறைக்கான சின்னத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மலையகக் கட்சிகள் கூட்டணிக்கு ஏற்ப சின்னம் மாறி நிற்பவை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் நுவரெலியாவில் 2020இல் மொட்டில் நின்றது, 2024இல் யானையில். தமிழ் முற்போக்குக் கூட்டணியோ 2015இல் யானையில் நின்று, 2020இலும் 2024இலும் தொலைபேசியில் நின்றது. "நம்ம ஆளுகளுக்கு யானை" என்று பத்து வருடத்துக்கு முன் மனப்பாடம் செய்த பாட்டி, 2024இல் தான் நினைத்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் போட்டிருப்பாள்.

பார்வைக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ளவர் உதவியாளரை அழைத்துச் செல்லலாம். அதற்கான தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர், வைத்திய அதிகாரி வழியாக எடுக்கவேண்டும். உதவியாளர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. எழுத்துத் தெரியாது என்பது மட்டும் இதற்குள் வராது. அவர்களுக்கு மாதிரிச் சீட்டில் பலமுறை பழக்குவதே வழி.

மூன்றையும் கொடுப்பதா, ஒன்றை மட்டுமா?

இலக்கம் அந்தஸ்தல்ல; சிங்கள அகரவரிசையில் விழுவது. 1ஆம் இலக்கக்காரர் முதன்மை வேட்பாளர் என்று அர்த்தமில்லை.

கட்சி பெறும் ஆசனங்களுக்கு, அந்தக் கட்சிக்குள் அதிக விருப்பு வாக்கு எடுத்தவர்கள் வரிசையாகப் போவார்கள். அதாவது உங்கள் ஆளின் உடனடிப் போட்டியாளர் அதே மேடையில் பக்கத்தில் நிற்பவர். ஒருவர் வென்றே ஆகவேண்டும் என்று நினைத்தால் ஒரே இலக்கத்தோடு நிறுத்துவது பலம். நீங்கள் போடும் இரண்டாவதும் மூன்றாவதும் அவரைத் தாண்டுபவருக்கு ஏணியாகலாம். ஒரு கட்சியின் மூன்று தமிழ் வேட்பாளரையும் உள்ளே அனுப்ப நினைத்தால் மூன்றும் தேவை. எது சரி என்பது அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள், கட்சிக்கு எத்தனை ஆசனம் வரலாம் என்பதைப் பொறுத்தது. ஒரு ஆசனம் மட்டுமே வரக்கூடிய கட்சியில் மூன்று பேருக்குப் பிரித்துப் போடுவது வீண்.

முடிவு வரும் இரவில் கணக்குப் போட

நுவரெலியா மாவட்டத்தில் நான்கு தொகுதி: நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை. முதலாவது மற்றதையெல்லாம்விட மிகப் பெரியது. அது வரும்வரை ஆசனத்தைப் பங்குபோடாதீர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. செல்லுபடியான வாக்கு 400,000. அ கட்சி 170,000, ஆ 105,000, இ 65,000, ஈ 22,000. மீதி 38,000 சிறு குழுக்களுக்குச் சிதறியது. 5 சதவீதம், அதாவது 20,000 எடுக்காதவர்கள் வெளியே. அவர்களைக் கழித்தால் 362,000. அதிக வாக்கெடுத்த அ கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலில் போய்விடும், மீதி 7. 362,000ஐ 7ஆல் வகுத்து, பின்னம் வந்தால் மேலே ஏற்றினால் 51,715. இதுதான் ஒரு ஆசனத்தின் விலை.

அ: மூன்று தடவை போகும், மீதி 14,855. ஆ: இரண்டு, மீதி 1,570. இ: ஒன்று, மீதி 13,285. ஈ: ஒன்றும் இல்லை, ஆனால் மீதி 22,000. ஆறு ஆசனம் முடிந்தது. ஏழாவது, பெரிய மீதி வைத்திருக்கும் ஈக்கு. முடிவு: அ 4, ஆ 2, இ 1, ஈ 1.

இப்போது ஈ 19,999 மட்டும் எடுத்தது என்று வையுங்கள், அந்தக் குறைந்த வாக்குகள் சிறு குழுக்களுக்குப் போனதாகவும். ஈ வெளியே. 340,000ஐ 7ஆல் வகுத்தால் 48,572. அவின் மீதி 24,284 ஆகிவிடும், அதுவே பெரியது. கடைசி ஆசனமும் அவுக்கே, மொத்தம் 5. சின்னமே தெரியாத சுயேச்சைக் குழுவுக்குப் "பாவம்" என்று போட்ட இரண்டாயிரம் வாக்கு, யாருக்கு எதிராகப் போட்டோமோ அவர்களுக்கே ஒரு ஆளைக் கூட்டிவிட்டது. பதுளையில் 7க்குப் பதில் 8ஆல் வகுக்கவேண்டும், மற்றதெல்லாம் இதேதான்.

விருப்பு வாக்கு கடைசியில்தான் எண்ணி முடியும், பெரும்பாலும் மறுநாள் ஆகிவிடும். அதற்கு முன் பட்டாசு வெடிப்பவர்கள் கட்சிக்காரர்கள். ஆள் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. பட்டியல் வந்ததும், வென்றவருக்கு அடுத்த இடத்தில் நிற்பவரின் பேரையும் குறித்து வையுங்கள். இடையில் ஒரு உறுப்பினரின் ஆசனம் வெற்றிடமானால் இடைத்தேர்தல் நடக்காது. அந்தக் கட்சியின் பட்டியலில் அடுத்த அதிக விருப்பு வாக்கு எடுத்தவர்தான் உள்ளே போவார்.