ஜோதிடத்தோடு வாதாடப் போகும் வானியல் ஆர்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, ஊர்க்காரர்களுக்கு நிலாவும் சனியும் காட்ட இப்போது புதுப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் வரிசையில் நிற்கும் யாராவது "சார், எனக்கு ஏழரை நடக்குது, இதுல தெரியுமா?" என்று கேட்டுவிட்டால் போதும். நாங்கள் ஒரு காலத்தில் உளறியதையெல்லாம் இவர்களும் வரி பிசகாமல் உளறுகிறார்கள். சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

"உங்க ராசியே தப்பு" என்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் வாதம் இது: பூமியின் அச்சு பம்பரம் போலத் தலையாட்டுகிறது, ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள், அதாவது 72 ஆண்டுக்கு ஒரு பாகை. ராசிகளை வகுத்த காலத்திலிருந்து வானம் 24 பாகை நகர்ந்துவிட்டது. ஆகவே மேஷ ராசிக்காரர் உண்மையில் மீனம்.

குடியாத்தம் அருகே ஒரு பையன் இதை மைக்கில் முழங்கினான். முன்வரிசையில் வயதான ஜோசியர் ஒருவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அயனாம்சம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருக்கியா?" என்றார். பையன் விழித்தான். "அந்த 24 பாகையைக் கழிச்சிட்டுத்தான்பா நாங்க ஜாதகமே எழுதுறோம்." கூட்டம் கைதட்டியது. அப்புறம் சனியின் வளையத்தைப் பார்க்க வந்தவர்கள்கூட எங்களை நம்பாத கண்ணோடுதான் பார்த்தார்கள்.

தலையாட்டம் உண்மை. ஆனால் அந்த வாதம், இந்த நகர்வைக் கழிக்காத மேற்கத்திய சாயன ஜோதிடத்துக்கு எதிரானது. அவர்களுக்கு மேஷம் மார்ச் 21 வாக்கில் தொடங்கும். நம்மூரில் அதைக் கழித்துக் கணக்கிடும் நிராயன முறை. சூரியன் மேஷத்துக்குள் வருவது ஏப்ரல் 14-இல், நம் சித்திரை முதல் நாளில். போதாக்குறைக்கு, நம் ஆட்கள் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற இடத்தை. கார்த்திகை இரண்டாம் பாதம், ரிஷப ராசி என்று சொல்பவரிடம் பிறந்த தேதியைக் கேட்டு ராசியைத் திருத்தினால், அவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

விஞ்ஞானிகளின் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. கிரகம் எங்கே நிற்கிறது என்பதில் சண்டை இல்லை. அது அங்கே நிற்பதால் உங்களுக்கு வேலை கிடைக்கும், கிடைக்காது என்பதற்குச் சோதித்துப் பார்த்த சான்று உண்டா என்பதே கேள்வி. வானியலாளர் ஜயந்த் நார்லிக்கர் 2008-இல் மகாராஷ்டிரத்தில் அதைச் சோதித்தார். படிப்பில் கெட்டிக்காரர்கள் 100 பேர், மனவளர்ச்சி குன்றியவர்கள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களிடம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 பேர் பதில் அனுப்பினார்கள். சராசரியாக 46 சதவீதம் சரி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலே பாதி சரியாக வந்திருக்கும்.

ஊரில் இதைவிட எடுபடுவது சனிப்பெயர்ச்சிதான். நம்மூரில் பஞ்சாங்கம் இரண்டு வகை. சனி கும்பத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப் பஞ்சாங்கப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. நடுவிலிருந்த பதினோரு மாதம் தனுசு ராசிக்காரருக்கு ஏழரை முடிந்திருந்ததா, இல்லையா? தொலைநோக்கியில் தெரிந்தது ஒரே சனி. பணிவாகக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அன்று அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டிருக்கலாம்.

செவ்வாயைவிடப் பிரசவம் பார்த்த டாக்டரின் ஈர்ப்பு விசை அதிகம் என்பது

ஈர்ப்பு விசையால்தான் பலன் என்று எந்த ஜோசியர் சொன்னார்? விடுங்கள்.

பஞ்சாங்கமே கட்டுக்கதை என்பது

அதில் போட்டிருக்கும் கிரகண நேரத்தைப் பார்த்துவிட்டுப் பேசவும். கணக்கு வானியல், பலன்தான் ஜோதிடம். இரண்டையும் ஒரே ஆள் செய்த காலம் இருந்தது, வானியலாளர் கெப்ளரே ஜாதகம் எழுதியவர்தான்.

கிரகணத்தன்று வீம்புக்குச் சாப்பிட்டுக் காட்டுவது

வேண்டாம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டு வாசலில் சுத்தமாக வேண்டாம்.

"விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்பது

1975-இல் அமெரிக்காவில் 186 விஞ்ஞானிகள் ஜோதிடத்துக்கு எதிராக ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். வானியலாளர் கார்ல் சாகன் போடவில்லை. ஜோதிடத்தை நம்பியதால் அல்ல. அறிக்கையின் அதிகாரத் தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய மனுஷன் சொல்லிவிட்டார், நம்பு என்பதுதானே ஜோசியத்திலும் நடக்கிறது?

அதற்குப் பதில் காவலூர் வானாய்வகத்தின் கதையைச் சொல்லலாம். ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போவதைப் பார்க்க அங்கே காத்திருந்தார்கள். கோள் வந்து சேருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்களும் அதே மங்கலைப் பதிவு செய்திருந்தார்கள். ஒப்பிட்டதும் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. தவறாக நினைத்திருந்ததை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைக் காட்டுங்கள். முடிந்தால் ஊர்க்காரர்களை ஒருமுறை அங்கேயே கூட்டிப் போங்கள். பார்வையாளர்களை விடும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது. மலை மேல் மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது.