ஃபார்மட் அடிக்கும் முன் பிழை எண்ணைப் படியுங்கள்

“கம்ப்யூட்டர்ல என்னமோ எரர் வருதுங்க.” என்ன எரர் என்று கேட்டால், “ஏதோ நம்பர் வந்துச்சு, ஓகே கொடுத்துட்டேன்” என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விண்டோஸ் வைத்திருக்கும் தெரிந்தவர்கள் எனக்குப் போன் செய்தால் பாதி நாள் இந்தப் பேச்சுதான். கடைக்குத் தூக்கிப் போனால் “ஃபார்மட் பண்ணிடலாம்”, அதாவது டிஸ்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம், என்பார்கள். என்ன கோளாறு என்பது பெரும்பாலும் அந்த நம்பரிலேயே இருக்கும். அதைப் படிக்க கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.

படி 1: ஓகே பட்டனைத் தொடாதீர்கள்

முதலில் போனில் போட்டோ எடுங்கள். திரை முழுக்க வர வேண்டும், கீழே பொடி எழுத்தில் இருக்கும் வரியும் சேர்த்து. ‘டீடெயில்ஸ்’ என்று ஏதாவது இருந்தால் அதை அழுத்தி இன்னொரு போட்டோ. நீலத் திரை வந்து மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால், ‘ஸ்டாப் கோட்’ என்ற வரி மட்டும் கிடைத்தால் போதும்.

படி 2: எண்ணைப் பிரியுங்கள்

எண் பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கும். அதற்கு அடுத்து 8007 வந்தால் உங்களுக்கு நல்ல நேரம். கடைசி நான்கு இடங்கள்தான் உண்மையான காரணம். 80070070 என்றால் 0070, அதாவது 70.

இது பதினாறின் அடிப்படையில் எழுதிய எண். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, மெனுவில் ‘புரோகிராமர்’ எடுத்து, ‘ஹெக்ஸ்’ வரியைத் தொட்டு 70 அடியுங்கள். ‘டெக்’ (டெசிமல்) வரியில் 112 என்று வரும்.

இனி விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, சி, எம், டி என்று மூன்று எழுத்து அடித்து என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம், நாம் எதையும் மாற்றப் போவதில்லை, கேள்விதான் கேட்கப் போகிறோம். ஆங்கிலத்தில் ‘நெட்’, ஒரு இடைவெளி, ‘ஹெல்ப்’ என்ற சொல்லோடு ஒட்டி எம், எஸ், ஜி, மறுபடி ஒரு இடைவெளி, பிறகு 112. என்டர். ‘டிஸ்கில் போதிய இடமில்லை’ என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் பதில் வரும். அப்டேட் ஏறாமல் பல நாள் படுத்தியது வெறும் இடப் பிரச்சினை!

டெசிமலுக்கு மாற்றிய பின் அடிக்கடி வருபவை: 2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. 5 என்றால் அனுமதி இல்லை. 32 என்றால் அந்தக் கோப்பை வேறு புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது, அதை மூடினால் சரி.

8007 இல்லாமல் 800எஃப், சி000 என்றெல்லாம் தொடங்கினால் இந்த வழி உதவாது. எண்ணை முழுசாகக் கூகுளில் தேடுங்கள்.

படி 3: காரணத்துக்கு ஏற்ற மருந்து

இடம் இல்லை என்றால்: செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், தேவையில்லாததை டிக் போட்டு நீக்குங்கள். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போடாதீர்கள். இ-சேவை சான்றிதழ், ஹால் டிக்கெட் எல்லாம் பலருக்கு அங்கேதான் கிடக்கும்.

80070035 வந்தால் கடைசி எண் 35, டெசிமலில் 53. நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று பொருள். காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்காய் மண்டியில் சீசன் நேரத்தில் இதே எண். முன்னால் பில் போடுகிற மெஷினை மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு இருந்ததோ உள் அறை மெஷினில். எலக்ட்ரானிக் தராசுக்கு பிளக் பாயின்ட் போதாமல் யாரோ அந்த உள் அறை மெஷினின் வயரைப் பிடுங்கியிருந்தார்கள். பிழை காட்டுகிற மெஷினில்தான் பிழை இருக்க வேண்டும் என்றில்லை.

படி 4: தேதியைப் பாருங்கள்

எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று வருகிறதா? வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் கரன்ட் போய் வந்தால் வருஷமே பின்னால் போயிருக்கும். அசல்தான் என்று காட்ட ஒவ்வொரு வெப்சைட்டும் வைத்திருக்கும் சான்றிதழுக்கு தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் மெஷின் 2015 என்று நினைத்துக்கொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தினால் திறந்துவிடும். மறுநாளும் அதே கதை என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும் சின்ன பேட்டரிதான்.

அப்புறம் ஒன்று. திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அடித்து, ‘இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்’ என்றால் அது எரர் இல்லை, மோசடி. விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பரே வராது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

படி 5: கடைக்குப் போவதென்றால்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் முயலாமல் மெஷினை அணைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போட்டோவைக் காட்டி எண்ணைச் சொல்லுங்கள். ஃபார்மட் தவிர வழியில்லை என்றால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் முதலில் பென் டிரைவில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். “டி டிரைவைத் தொட மாட்டோம்” என்பார்கள். ஆனால் இந்த மூன்றும் வழக்கமாக இருப்பது ஃபார்மட்டில் அழியும் சி டிரைவில்.