ஸ்பானியப் பீங்கான் சிலைகள்: அடையாளம், மதிப்பு, சேகரிப்பு

ஸ்பானியப் பீங்கான் சிலை என்று இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பகுதி, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வலென்சியா நகரைச் சுற்றியிருந்த பட்டறைகளில் உருவானவை. அவற்றுள் முதலிடம் லியாத்ரோவுக்கு (Lladró) உரியது. ஹுவான், ஹோசே, விசென்தே என்ற மூன்று சகோதரர்கள் 1953-இல் அல்மாசெரா என்ற சிற்றூரில் தொடங்கிய அந்தப் பட்டறை, 1958-இல் அருகிலுள்ள தவெர்னெஸ் பிளாங்கெஸுக்கு இடம்பெயர்ந்து பெரும் தொழிற்சாலையாக வளர்ந்தது. ஸ்பெயினின் பீங்கான் வரலாறு அதற்கும் பழையது. மன்னர் மூன்றாம் கார்லோஸ் நேப்பிள்ஸிலிருந்து கைவினைஞர்களை அழைத்துவந்து 1760-இல் மத்ரித்தில் நிறுவிய புவென் ரெத்திரோ ஆலை, நெப்போலியன் காலப் போரில் 1812-இல் அழிந்தது. அதன் பொருள்களை அருங்காட்சியகங்களிலும் பெரிய ஏலங்களிலும்தான் காண முடியும் என்பதால், பழைய பொருள் சந்தையில் யாரேனும் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சிலையை நீட்டினால் முதலில் ஐயுறுவதே முறை.

சிலையைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். லியாத்ரோவின் தொடக்க காலப் பொருள்களில் பெயர் களிமண்ணில் கீறப்பட்டோ அழுத்திப் பதிக்கப்பட்டோ இருக்கும். 1970-களின் தொடக்கத்திலிருந்து மணிப்பூ வடிவச் சின்னத்துடன் கூடிய நீல முத்திரை வழக்கத்துக்கு வந்தது. பெயரின் கடைசி எழுத்தின் மேலுள்ள அழுத்தக் குறி இல்லையென்றால் போலி என்று பலர் சொல்வதுண்டு. தொடக்க கால நீல முத்திரைகள் சிலவற்றிலும் அந்தக் குறி இல்லை என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ‘தைசா’ (DAISA) என்ற சொல்லும் ஓர் ஆண்டும் அடியில் இருந்தால், அந்த ஆண்டு வடிவமைப்பின் பதிப்புரிமையைக் குறிப்பதே தவிர, கையிலுள்ள சிலை சூளையிலிருந்து வெளிவந்த ஆண்டைக் குறிப்பதில்லை. ஒரே வடிவம் பல ஆண்டுகள் தொடர்ந்து வார்க்கப்பட்டிருக்கலாம். அதே சொல், லியாத்ரோ குழுமத்தின் மலிவான வரிசையான நாவோவின் அடியிலும் காணப்படும். நாவோ நேர்த்தியான பொருள்தான், போலியும் அன்று. ஆனால் அதை லியாத்ரோ விலைக்கு வாங்குவது வீண் செலவு.

முத்திரையிலுள்ள மணிப்பூ வேண்டுமென்றே சுரண்டி எடுக்கப்பட்டிருந்தால், அது தொழிற்சாலையே குறையுள்ளது என்று ஒதுக்கி இரண்டாம் தரமாக விற்ற பொருள். குறை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாகவே இருந்தாலும், மறுவிற்பனையில் அதன் விலை குறைவாகத்தான் இருக்கும்.

முத்திரையை எவரும் அச்சடித்துவிடலாம். முகத்தைப் போலியாகச் செய்வது கடினம். மெலிந்து நீண்ட உடல், சற்றே சாய்ந்த கழுத்து, வெளிர் நீலமும் சாம்பலும் பழுப்பும் ஒன்றோடொன்று கரையும் நிறச் சேர்க்கை ஆகியவை லியாத்ரோவின் பொதுவான இயல்புகள். 1969-இல் வெளிவந்த, புல்ஹென்சியோ கார்சியா வடித்த சோகமான ஆர்லெகீன் (நாடகக் கோமாளி) சிலையின் படத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தால், இந்தப் பாணியைக் கண் எளிதில் பழகிக்கொள்ளும். நிறத்தையும் மெருகையும் பூசிய பின் ஒரே முறை சுடுவதே இந்த நிறுவனத்தின் பெயர்பெற்ற உத்தி என்பதால், பெரும்பாலான சிலைகளில் நிறம் மெருகுக்குள் அமிழ்ந்து தெரியும். கண்ணிமையும் உதடும் மேலே ஒட்டிய பூச்சுப் போல் தடித்திருந்தால் கவனம் தேவை. பளபளப்பற்ற சிலைகளும், மண்ணிறம் கொண்ட ‘கிரெஸ்’ வகையும் இருக்கின்றன. பளபளப்பு இல்லாததால் மட்டும் ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம்.

மதிப்பிடும்போது பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்: கடையில் புதிதாக விற்கப்பட்ட விலையையும், இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையையும் சந்தை மதிப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் விற்று முடிந்த ஏல விலைகளே அளவுகோல். அவை பல சமயம் கடை விலையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். 1970, 80-களில் பேரளவில் விற்ற சிலைகளை அவற்றை வாங்கிய தலைமுறை இப்போது கைவிட்டு வருவதால், சந்தையில் வரத்து மிகுதி. 1985 முதல் 2000 வரை இயங்கிய சேகரிப்பாளர் சங்கம் உறுப்பினர்களுக்கென வெளியிட்ட சிலைகளும், உறுப்பினர் எண்ணிக்கை பெரிதாக இருந்த காரணத்தால், பெயர் ஒலிக்கும் அளவுக்கு அரியவை அல்ல. உற்பத்தி நிறுத்தப்பட்டது என்ற சொல்லும் தன்னளவில் விலையை உயர்த்தாது. குறைந்த எண்ணிக்கையில் எண்ணிட்டு வெளியிட்ட பெரிய, பல உருவங்கள் கொண்ட படைப்புகளும், நல்ல நிலையிலுள்ள 1960-களின் சிலைகளுமே பொதுவாக நிலைத்த விலை பெறுகின்றன. அசல் பெட்டியும் சான்றிதழும் இருந்தால் சற்றுக் கூடும்.

சேதமே விலையை வீழ்த்தும் முதற் காரணம். விரல் நுனி, பூவிதழ், குடையின் விளிம்பு, பறவையின் அலகு ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இதழ்கள் கையால் தனித்தனியே செய்து ஒட்டப்பட்டவை. அவற்றில் ஒன்றிரண்டு உடைந்திருப்பது மிகவும் சாதாரணம், விற்பவரே அறியாமலும் இருக்கலாம். பழுது பார்த்த இடங்கள் புறஊதா விளக்கின் கீழ் சுற்றியுள்ள பரப்பிலிருந்து வேறுபட்டு ஒளிரும்; கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இடங்களில் இந்தச் சோதனை தவறாமல் வேண்டும். தேர்ந்த கைவினைஞர் செய்த பழுதுவேலை கண்ணுக்கு அழகாகவே இருக்கும், ஆனால் அதை மறைத்து முழு விலை கேட்பது வேறு செயல். எனவே வாங்குமுன் பழுது இல்லை என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

தூசியை மென்மையான தூரிகையால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். கழுவ வேண்டிய நிலை வந்தால், வெதுவெதுப்பான நீரில் மென்சோப்பைக் கலந்து ஈரத்துணியால் துடைக்கலாம். சிலையை நீரில் முக்க வேண்டாம். சூடேறும் காற்று வெளியேறுவதற்காக அடியில் விடப்பட்ட சிறு துளை வழியே நீர் உள்ளே புகுந்தால், வெளியேற நாள்கள் ஆகும்.