எல்லா இடத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள்

போன வாரம் குன்னூரில் ஃபைல் சர்வர் போட்ட பையன் ஒருவன், "அண்ணா, டிஸ்க் முழுசையும் பிரிச்சுட்டேன், ஒரு ஜிபிகூட வீணாகலை" என்றான், பெருமையாக. எனக்குக் கோத்தகிரி ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. லினக்ஸ் சர்வரில் டிஸ்க் பிரிக்கும்போது செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன். பேக்கப் எடு, யுபிஎஸ் வை என்பதை யாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன்.

மிச்சம் வைக்காமல் பிரிப்பது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி. பச்சை இலை எடைச்சீட்டுகளை ஸ்கேன் செய்து வைக்கத்தான் சர்வர். 4 டிபி டிஸ்க் இரண்டு, ரெய்டு 1, அதாவது ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும் மிரர். ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு, 30 ஜிபி கொடுத்து, மீதி மொத்தத்தையும் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டு டேட்டாவுக்குத் தள்ளினேன். ஒரே வருஷத்தில் சம்பா (ஃபைல்களைப் பகிரும் புரோகிராம்) லாக் பெருத்து ரூட் நிரம்பியது. பக்கத்து டேட்டா வால்யூமில் 1 டிபி சும்மா கிடக்கிறது, ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருக்கலாமே தவிர சுருக்க வழியில்லை. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் என்றாலாவது அன்மவுண்ட் செய்து சுருக்கியிருப்பேன்.

லாக்கை அங்கே நகர்த்தி லிங்க் போட்டால் போதாதா? அப்படித்தான் ஒட்டுப்போட்டேன். அப்புறம் பேக்கப்புக்கு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைப்பது) எடுக்கப் போனால், அதற்கும் டிஸ்க்கை வால்யூம்களாகப் பிரிக்கும் எல்விஎம்மில் யாருக்கும் கொடுக்காத காலி இடம் வேண்டும்!

வேறு வழியில்லாமல் 2.6 டிபியையும் வெளி டிஸ்க்கில் இறக்கி, ஃபார்மேட் அடித்து, திரும்ப ஏற்றினேன். நொடிக்கு 100 எம்பி போனாலும் ஒரு வழிக்கே ஏழு மணி நேரம் தாண்டும். ஐப்பசி மழை வேறு. திரும்ப ஏற்றும்போது எங்கோ கற்பூர மரம் லைன்மேல் சாய்ந்து கரண்ட் போனது. யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கியது, அவ்வளவுதான். காப்பிக்கு ஆர்சிங்க் என்ற புரோகிராம் போட்டிருந்ததால் ஏற்றிய ஃபைல்களை விட்டுவிட்டு மீதியைத் தொடர முடிந்தது.

இப்போதெல்லாம் டேட்டாவுக்கு முதலில் 60 சதவீதம்தான். மீதி எல்விஎம்மில் தூங்கட்டும். தேவைப்படும்போது சர்வரை நிறுத்தாமலே பெருக்கிக் கொடுக்கலாம். குன்னூர்ப் பையன் இன்னும் டேட்டா ஏற்றவில்லையாம். அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னேன், முகம் வாடிவிட்டது.

ராமைப்போல இரண்டு மடங்கு ஸ்வாப்

ஸ்வாப் என்பது ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம். இரண்டு மடங்கு என்பது ராம் எம்பியில் இருந்த காலத்துக் கணக்கு. 16 ஜிபி ராம் உள்ள ஃபைல் சர்வருக்கு 4 ஜிபி தாராளம். அதுவும் ஓயாமல் நிரம்பினால் ராம் வாங்குங்கள்.

ஸ்வாப்பை மட்டும் ஒற்றை டிஸ்க்கில் வைப்பது

அந்த டிஸ்க் செத்தால், டேட்டா மிரரில் பத்திரமாக இருந்தும் ஓடுகிற புரோகிராம்கள் விழும். ஸ்வாப்பையும் மிரரிலேயே வையுங்கள்.

எக்ஸ்ட்4 பிடித்துக்கொள்ளும் 5 சதவீதம்

ரூட் யூசருக்கென்று அது ஒதுக்கி வைக்கும் இடம் இது. 4 டிபியில் 200 ஜிபி. டேட்டா வால்யூமில் 1 சதவீதமாகக் குறையுங்கள். ரூட் வால்யூமில் கை வைக்காதீர்கள்.

2 டிபிக்கு மேல் எம்பிஆர்

வேண்டாம். எம்பிஆர் என்ற பழைய பார்டிஷன் அட்டவணை அதற்கு மேல் எட்டாது. புதிய அட்டவணையான ஜிபிடி போடுங்கள்.